கடைசி வரிசைக்கு ஒரு ஜோடி

கல்லூரி அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டியது எழுபத்திரண்டாம் ஆண்டு, ஆடி மாதம். என்னோடு படித்த ஒருவர் அது ஆவணி என்று இன்றும் வாதாடுவார். ஆடிதான். ஆடிப்பூரப் புறப்பாடு முடிந்து, தோளில் தேய்த்த வேப்பெண்ணெய் வாசனை போகாமலே அன்று நான் வகுப்புக்குப் போயிருந்தேன். பலகையைச் சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வழி விட்டார்கள். அதனால்தான் தாளை நிதானமாகப் படிக்க முடிந்தது.

சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது பற்றி ஓர் அறிமுக வகுப்பு. கணிதம் படிப்பவர்கள் சேரலாம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. நிரல் என்ற சொல் அப்போது பிறக்கவில்லை, அல்லது பிறந்து எங்கள் ஊர்வரை வரவில்லை. எல்லோரையும் இழுத்தது கடைசி வரிதான். வகுப்பின் முடிவில் சொந்தமாக ஒரு கணக்கை எடுத்து, அதற்குப் புரோகிராம் எழுதி, சரியாக ஓட்டிக் காட்டுகிறவர்களில் இருவரை மெட்ராஸில் ஒரு பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். ஒரு வருஷம். தங்க விடுதி. அதன்பின் வேலை.

அந்த இருவரில் ஒருவனாகிவிட வேண்டும் என்று நின்ற இடத்திலேயே நினைத்தேன். நினைத்த உடனே மாமாவின் தோள் ஞாபகத்துக்கு வந்தது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். நாங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாளைத் தோளில் சுமக்கும் குடும்பங்கள். ஸ்ரீபாதம் தாங்கிகள் என்பார்கள். வாகனத்தின் அடியில் முன்பின்னாக இரண்டு நீளத் தண்டுகள் ஓடும். வலது தண்டில் ஒருவர், இடது தண்டில் ஒருவர். இருவரும் சேர்ந்தால் ஒரு வரிசை. ஒரு வரிசையில் நிற்கும் இருவரின் தோளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெருமாள் ஒரு பக்கம் சாய்வார். அரை அங்குல வித்தியாசத்தைத் துணி மடித்து வைத்துச் சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால் துணி நழுவிவிடும். முன்னால் குள்ளமானவர்கள், பின்னால் போகப்போக உயரமானவர்கள். அதனால் பெருமாள் லேசாக முன்பக்கம் குனிந்து, வாசலில் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே வருவதுபோல் இருக்கும். அந்தக் குனிவு எங்கள் உயரங்களால் வருவது என்று யாரும் யோசிப்பதில்லை.

எங்கள் எல்லாரிலும் மாமா உயரம். அடுத்தது நான். கடைசி வரிசையில் வலப்பக்கம் அவர், இடப்பக்கம் நான். கடைசி வரிசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரே தோளில் வெகுநேரம் சுமக்க முடியாது. தண்டைக் கைகளால் கொஞ்சம் தூக்கி, தலையை அடியில் நுழைத்து, மறு தோளுக்கு மாற்ற வேண்டும். எல்லாரும் ஒரே நொடியில் மாற்ற வேண்டும். எல்லார் முதுகையும் பார்த்துக்கொண்டு வருகிறவர்கள் கடைசி வரிசைக்காரர்கள்தான் என்பதால், எப்போது என்று சொல்வது எங்கள் பொறுப்பு. வலது தண்டுக்காரர் "தோளா?" என்று கேட்பார். இடது தண்டுக்காரர் "தோளு!" என்று பதில் சொல்ல வேண்டும். பின்னாலிருந்து பதில் வந்த பிறகுதான் முன்னால் இருப்பவர்கள் அசைவார்கள். கேள்வியை மட்டும் கேட்டு யாரும் அசையமாட்டார்கள். இடப்பக்கம் தயாராக இல்லாதபோது மாற்றினால் வாகனம் கவிழ்ந்துவிடும்.

அப்பாவின் தோள்மூட்டு விலகியபின் அவர் இடம் எனக்கு வந்தது. அப்போது நான் பள்ளி இறுதி வகுப்பு. அன்றுமுதல் மாமா கேட்பார், நான் பதில் சொல்வேன்.

ஜோடி இல்லாதவர் தண்டைப் பிடிக்க முடியாது. ஒதுங்கிவிட வேண்டும். அப்படி ஒதுங்கிய ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். வருஷம் முழுவதும் ஊரில் இருப்பார். உற்சவம் வந்தால் மட்டும் வாலாஜாபாத்தில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார்.

வகுப்பில் சேர்ந்த செய்தியை நான் சொல்வதற்கு முன்பே அக்காவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"மெட்ராஸு போறியாமே?"

"இன்னும் ஒண்ணும் இல்லக்கா. படிக்கத்தான்."

"போ. வாணான்னு நான் சொல்லல. நீ பூட்டா உங்க மாமா யாரு கூட நிப்பாரு, அத மட்டும் சொல்லிட்டுப் போ. அந்த மனுசன் வாயத் தொறந்து கேக்கமாட்டாரு. தட்டத் தள்ளி வெச்சிட்டு எழுந்துடுவாரு. நீ அங்க சினிமா பாத்துக்கினு இருப்ப, நான் இங்க அவரு மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கணும்."

மாமா அப்போது பின்கட்டில்தான் இருந்தார். கேட்டிருப்பார்.

காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. எங்களுக்குப் பாடம் எடுத்த சார் இளைஞர். சனிக்கிழமை காலை மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வந்து, சாயங்காலம் திரும்பிப் போவார். நாங்கள் எழுதுவது கட்டம்கட்டமாக அச்சிட்ட தாளில். கோடிங் ஷீட் என்று பெயர். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. முதல் சில கட்டங்களில் எண் மட்டும்தான் வரலாம். ஆறாம் கட்டத்தைத் தொடக் கூடாது. ஏழாவதில்தான் வாக்கியம் தொடங்க வேண்டும். அந்தத் தாள்களை சார் கொண்டுபோவார். மெட்ராஸில் யாரோ அதைப் பார்த்து ஓட்டை போட்ட அட்டைகளாக்கி, இயந்திரத்தில் கொடுப்பார்கள். இயந்திரம் சொன்னதை அடுத்த சனிக்கிழமை சார் கொண்டுவருவார். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் அந்தச் செய்தி வந்து சேர ஒரு வாரம். திருத்தியது சரியா என்று தெரிய இன்னொரு வாரம். அந்த வருஷம் மின்வெட்டு வேறு. சில சனிக்கிழமைகளில் சார் வெறுங்கையோடு வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார்.

நாங்கள் யாரும் அந்த இயந்திரத்தைப் பார்த்ததில்லை. எங்கோ தூரத்தில் இருந்துகொண்டு எங்கள் ஒவ்வொரு வாரத்தையும் அது பிடித்துவைத்திருந்தது.

"மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சார் முதல் வகுப்பிலேயே சொன்னார். "சோத்தைப் பிசைஞ்சு வாய்ல வைக்கிறதுகூட நீங்கதான் ஒவ்வொண்ணா சொல்லணும். முதல்ல படம் போடுங்க. செய்யற வேலைக்கு ஒரு பெட்டி. கேள்விக்கு வைரம் மாதிரி ஒரு சாய்சதுரம். நடுவுல அம்பு. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச வேலை ஏதாவது எடுத்துக்குங்க."

மற்றவர்கள் பஸ் பிடிப்பதையும் காப்பி போடுவதையும் வரைந்தார்கள். நான் தோள் மாற்றுவதை வரைந்தேன். ஒரு பெட்டியில் கேள். அடுத்து ஒரு வைரம்: பதில் வந்ததா? ஆம் என்றால் மாற்று. இல்லை என்றால் அம்பு திரும்பிப் போய் மறுபடி கேள்.

சார் என் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "பதில் வரவே இல்லைன்னா?"

"வரும் சார்."

"மெஷின்கிட்ட அப்படிச் சொல்ல முடியாதுப்பா. வரலைன்னா இது சுத்திக்கிட்டே இருக்கும். ஸ்டாப் எங்க?"

"மண்டபம் வந்தா ஸ்டாப் சார்."

வகுப்பு சிரித்தது. சாரும் சிரித்தார். படத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஐப்பசியில் ஆளுக்கொரு கணக்கைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். மற்றவர்கள் வட்டிக் கணக்கும் தேர்வு மதிப்பெண்ணும் எடுத்தார்கள். என் கணக்கு முன்பே என்னிடம் இருந்தது. நான் போய்விட்டால், காத்திருக்கும் புது ஆள் ஒருவர் முன் வரிசையில் சேர்வார். எல்லோரையும் தோள் உயரப்படி மறுபடி அடுக்கி, அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வராமல் ஜோடி சேர்க்க முடியுமா? முக்கியமாக மாமாவுக்கு ஒரு ஜோடி கிடைக்குமா?

பொறுமை இருந்தால் கையாலேயே போட்டுவிடலாம். ஆனால் நான் கையால் போட்டால் யார் நம்புவார்கள்? போகத் துடிக்கிறவன் போட்ட கணக்கு என்பார்கள். நானே அப்படித்தான் சொல்வேன். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று யாரையும் தெரியாத ஒன்று சொல்ல வேண்டும்.

தெருமுனைத் தையல்காரரிடம் டேப்பை வாங்கிக்கொண்டு ஒரு பிற்பகல் கோயில் மண்டபத்துக்குப் போனேன். சாயங்காலப் புறப்பாட்டுக்காக எல்லோரும் வந்திருந்தார்கள்.

"இன்னாபா, தையக்காரன் ஆயிட்டியா?"

"சட்டையே போடாதவனுக்கு இன்னாத்துக்குடா அளவு?"

"அளந்துக்கோ, அளந்துக்கோ. வூட்ல என் பொண்டாட்டி டெய்லி அளக்குறா. இங்க நீ."

காய்ப்பு ஏறிய தோள் ஒரு உயரம், மற்றது ஒரு உயரம். இரண்டையும் அளந்தேன். எல்லோரும் டேப்பைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்தினார்கள். "தண்டுக்கடியில நிக்கற மாதிரி நில்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்ச வேண்டியிருந்தது. மாமா மட்டும் நான் சொல்லாமலே சரியாக நின்றார். டேப்பைப் பிடித்த என் கையைப் பார்த்தார்.

இயந்திரத்துக்குப் பெயர் வேண்டாம், எண் போதும் என்று சார் சொல்லியிருந்தார். ஆளுக்கு ஓர் எண் கொடுத்தேன். மாமா பதினாறு.

மார்கழியில் என் தாள்கள் மெட்ராஸ் போயின. திரும்பி வந்தபோது சார் கக்கத்தில் ஒரு பெரிய காகிதக் கட்டு. மேசைமேல் போட்டார். பிரித்தால் பக்கம் பக்கமாக ஒரே வரி. அதே இரண்டு எண்கள், அதே இடத்தில், மடிப்பு மடிப்பாக.

"யாரோ பார்த்து நிறுத்தியிருக்காங்க. இல்லைன்னா இன்னும் அடிச்சிக்கிட்டிருக்கும். சென்டர்ல என்னைத்தான் பிடிச்சாங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நம்ம காலேஜ் அட்டையைத் தொடமாட்டோம்னுட்டாங்க. எங்க தப்புன்னு நான் சொல்லமாட்டேன். நீயே கண்டுபிடி."

என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுதிய வரிகள் மனப்பாடமாகிவிட்டன. மனப்பாடமான ஒன்றில் தப்பு தெரியாது என்பதை அந்த மார்கழியில் கற்றேன். சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை போய், மறுபடி முதல் வரிக்கு வந்து நின்றேன்.

தையில் மாட்டுப் பொங்கலன்று பெருமாள் பழையசீவரம் மலைக்குப் போவார். அங்கிருந்து பாலாற்று மணலைத் தாண்டித் திருமுக்கூடல். நீண்ட நடை. அந்த வருஷம் ஆற்றில் பெயருக்குத்தான் தண்ணீர். மணலில் கால் கணுக்கால்வரை புதையும். ஒரு காலைப் பிடுங்குவதற்குள் மற்றது புதையும். தண்டு கழுத்துப் பக்கமாக அழுத்தும். எனக்கு முன்னால் ஒரு முதுகு. அந்த முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது.

"தோளா?" என்றார் மாமா.

நான் என் வரிகளுக்குள் இருந்தேன். பதில் சொல்லவில்லை.

"தோளா?" கொஞ்சம் பொறுத்து மறுபடி, "டேய், தோளா?"

கேட்கிறார், பதில் வரவில்லை, மறுபடி என்னையே கேட்கிறார். அடுத்தவரிடம் போகவில்லை. போக முடியாது. அந்த நொடியில் தெரிந்தது. ஒருவரைப் பார்த்து முடித்தபின் அடுத்த எண்ணுக்குப் போ, அதாவது ஒன்றைக் கூட்டு என்ற வரியை நான் எழுதவே இல்லை. இயந்திரம் முதல் ஜோடியிடமே நின்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"தோளு!" என்று கத்தினேன். எல்லோரும் மாற்றினார்கள்.

"இன்னா ஆச்சு உனுக்கு?"

"ஒண்ணக் கூட்ட மறந்துட்டேன் மாமா."

"சாமி தூக்கறப்போ இன்னாடா கூட்டல் கழித்தல்?"

எழுதிவைக்கக் கை இல்லை. இரண்டு கையும் தண்டில். கரை ஏறி இறக்கிவைக்கும்வரை அந்த ஒரு வரியை முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். எனக்கு முன்னால் நடந்தவர், நான் ஏதோ பாசுரம் சொல்கிறேன் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

அடுத்த முறை ஓடியது. தை முடிவதற்குள் விடை வந்துவிட்டது. மாசி என்று முன்பு ஒருமுறை யாரிடமோ சொல்லியிருக்கிறேன், தவறு. ஒரே பக்கம். எல்லோருக்கும் ஜோடி இருந்தது. பதினாறுக்கும் இருந்தது.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். மாமா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நானு எது?"

"பதினாறு மாமா."

"எதிர்ல ஒம்போது போட்டிருக்குதே, அது யாரு?"

சொன்னேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அய்யய்யோ" என்றாள். மாமா தாளை நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"உன் மெஷினுக்கு ஊரு தெரியலபா."

ஒன்பது என்பது எங்கள் தெருவின் கோடிவீட்டுக்காரர். மாமாவின் தங்கையை அவருக்கு நிச்சயம் செய்து, பாக்கு வெற்றிலையும் மாற்றிவிட்டிருந்தார்கள். அதன்பிறகு அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்த ஒரு மாப்பிள்ளை அமைந்தார். பாக்கு வெற்றிலை திரும்பிப் போனது. அன்றுமுதல் மாமாவும் அவரும் பேசுவதில்லை. ஒருவர் பின்னால் ஒருவராக, ஒரே பாரத்தைச் சுமந்துகொண்டு, வருஷக்கணக்காக ஒரு சொல் இல்லாமல் தெருத்தெருவாக நடந்திருக்கிறார்கள். வெவ்வேறு வரிசை என்பதால் பேச வேண்டிய அவசியமும் வரவில்லை. ஒரே வரிசை என்றால், அதுவும் கடைசி வரிசை என்றால், ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும்.

சாரிடம் சொன்னேன். அவர் இதைச் சிக்கலாகவே நினைக்கவில்லை. "அதையும் ஒரு கண்டிஷனாப் போடு. யார் யாரோட பேசமாட்டாங்கன்னு தனி அட்டை."

மறுபடி மண்டபம். இந்த முறை டேப் இல்லாமல்.

"பேசறதில்லன்னா, இன்னிக்கா, எப்பவுமா?"

"அவன் கூட நான் பேசறதில்ல, எழுதிக்கோ. அவன் என் கூடப் பேசுவான்."

"நேத்து வரைக்கும் பேசிக்கினுதான் இருந்தோம். இரு, இன்னிக்கு ராத்திரி பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்."

கோடிவீட்டுக்காரர் மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "எனக்கு யாரு கூடவும் தகராறு இல்லபா. தகராறு வெச்சிக்கினவங்களப் போய்க் கேளு." மாமாவை நான் கேட்கவில்லை. ஒன்பதும் பதினாறும் என்று நானே ஓர் அட்டைக்கு எழுதினேன். அதை எழுதும்போது என்ன எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

பங்குனியில் விடை வந்தது. ஒரே வரி. பதினாறாம் எண்ணுக்கு ஜோடி இல்லை.

இதைத் தெரிந்துகொள்ள எட்டு மாதம் ஆகியிருந்தது. என்னைத் தவிர வேறு யாரும் அந்த இடத்தில் நிற்க முடியாது என்று எனக்கே எழுதி வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. தாளைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். சார் பிடுங்கிக்கொண்டார்.

"ஏன்பா முகம் இப்படி இருக்கு? இல்லைங்கறதும் ஒரு விடைதான். மத்தவங்க எல்லாரும் கூட்டிக் கழிச்சாங்க. நீ ஒருத்தன்தான் எல்லா வழியையும் பார்த்துட்டு, வழி இல்லைன்னு நிறுத்தியிருக்க. இப்ப உன் புரோகிராம்ல ஸ்டாப் இருக்கு."

சித்திரையில் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. இருவரில் ஒருவனாக என்னை எடுத்திருந்தார்கள். அக்கா என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மாமா சுவரில் சாய்ந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணு புரியல" என்றார். "அந்த மெஷினு இல்லன்னு சொல்லிடுச்சில்ல? அப்புறம் உன்ன எதுக்குக் கூப்பிடறாங்க?"

"இல்லன்னு சரியாச் சொன்னதுக்குத்தான் மாமா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். அக்கா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "அந்த அட்டையை எடுத்துடு" என்றார்.

"எந்த அட்டை?"

"எனக்கும் அவனுக்கும் போட்டியே, அது."

"எடுத்துட்டா நீங்க பேசணும் மாமா."

"பேசறது வேற, தோளு வேற. நீ போய்ச் சேரு."

அவரே போய்ப் பெரியவர்களிடம் சொன்னார். கோடிவீட்டுக்காரர் மறுக்கவில்லை; "சாமி காரியம், நிக்கச் சொன்னா நிக்கறேன்" என்று அவர்களிடம் சொன்னாராம். சித்திரையில் ஒரு சின்னப் புறப்பாட்டில் இருவரும் முதல் முறையாக ஒரே வரிசையில் நின்றார்கள். நான் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஜனங்களோடு நின்று பார்த்தேன். பெருமாள் சாயவில்லை. சன்னிதித் தெருவின் கோடிவரை போய்த் திரும்பினார்கள். அவ்வளவு தூரத்துக்குத் தோள் மாற்றத் தேவையில்லை. எல்லோரும் ஆயிற்று என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அல்லது நினைக்க விரும்பினேன்.

மெட்ராஸில் போய்ச் சேர வேண்டிய நாள் வைகாசி கருட சேவை நாளாக அமைந்தது. முதல் நாளே போகலாமென்றால் விடுதியை அன்றுதான் திறப்பார்கள். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் வழியாக மெட்ராஸ் போகும் முதல் பஸ்ஸில் சின்ன காஞ்சிபுரத்தில் ஏறினேன். டிரங்குப் பெட்டி கூரைமேல். கருட சேவைக்குப் பஸ்களை வேறு வழியாகத் திருப்பியிருந்தார்கள். ஓட்டுநர் புதியவர், கவனிக்கவில்லை. பெருமாள் பெரிய காஞ்சிபுரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த தெருவிலேயே விட்டுவிட்டார். பின்னால் ஜனம் மூடிக்கொண்டது. முன்னால் கருடன். பஸ் நின்று நின்று அதன் பின்னாலேயே ஊர்ந்தது.

நான் முன் இருக்கையில் ஜன்னலோரம். வாகனத்துக்கு நேர் பின்னால், சில கஜ தூரத்தில். கடைசி வரிசையில் இரண்டு முதுகுகள். வலப்பக்கம் மாமா. இடப்பக்கம், என் இடத்தில், கோடிவீட்டுக்காரர். கருட வாகனம் கனம். கோயிலிலிருந்து இவ்வளவு தூரம் வந்தாயிற்று. தோள் மாற்றியிருக்க வேண்டும். மாற்றினார்களா என்று மாமாவின் தோளைப் பார்த்தேன். அதே தோள். காய்ப்புக்குக் கீழே சிவந்து, நரம்பு புடைத்திருந்தது. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்ப முயன்றார்கள். ஒருவர் கால் தடுமாறியது. கருடனின் ஒரு சிறகு மெல்லத் தாழ்ந்தது.

"இன்னாபா பின்னாடி? தூங்கறீங்களா?" என்று முன்னாலிருந்து ஒரு குரல்.

மாமாவின் முதுகு எனக்குத் தெரியும். அவர் கேட்கப் போகிறார் என்று மூச்சு உள்ளே போவதிலேயே தெரிந்துவிடும். போயிற்று. கொஞ்ச நேரம் நின்றது.

"தோளா?" என்றார். பக்கத்தில் திரும்பாமல், ஆகாயத்தைப் பார்த்து.

பதில் இல்லை. கோடிவீட்டுக்காரரின் கழுத்து விறைத்திருந்தது. அவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் அன்றும் நினைக்கவில்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

"தோளா?"

என் வாய் தானாகத் திறந்தது. ஜன்னல் கம்பிக்கிடையில் முகத்தை வைத்து, "தோளு!" என்று கத்தினேன். பின்னாலிருந்து வர வேண்டிய குரல், பின்னாலிருந்து வந்துவிட்டது. அத்தனை தலைகளும் ஒரே நொடியில் தண்டுக்கடியில் நுழைந்து வெளிவந்தன. சிறகு நிமிர்ந்தது.

பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நடத்துனர், "யோவ், காதுல ஊசி ஏத்திட்டியே" என்றார்.

அதன்பின் இன்னும் ஒருமுறை மாமா கேட்டார். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் இந்த முறை கேள்வி கொஞ்சம் பின்பக்கமாக வந்தது. நான் பதில் சொன்னேன். பிறகு ஒரு போலீஸ்காரர் வந்து, பஸ்ஸைப் பக்கத்துச் சந்தில் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினார். பெருமாள் நேராகப் போவார். பஸ் வளையும். மாமாவின் நடை குறுகுவதைப் பார்த்தேன். அடுத்த கேள்வி வரப்போகிறது.

"தோ, ஒரு நிமிசம்" என்று நடத்துனரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். அந்த ஒரு முறைக்கு மட்டும்தான் இறங்கினேன். கேட்டார். சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது பஸ் சந்துக்குள் போய்விட்டிருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் ஜனம். முன்னால் கருடன், பின்னால் ஜனம், இரண்டு பக்கமும் தேங்காய்த் தட்டு ஏந்தியவர்கள். ஓடக்கூட இடமில்லை. பெருமாள் போன வேகத்தில்தான் நானும் போக முடிந்தது.

நடுப்பகலில் மண்டபத்தில் இறக்கிவைத்தார்கள். கோடிவீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்: "பஸ்ஸுலேர்ந்து பதில் சொல்றாம்பா. படிச்சவன்." எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் அவர் என் பக்கம் வரவில்லை. தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் திரும்பும் வழியில் அதே பஸ் சின்ன காஞ்சிபுரத்தில் நின்றது. நடத்துனர் கூரைமேல் ஏறி என் டிரங்குப் பெட்டியை இறக்கினார்.

"உன் பொட்டி மெட்ராஸப் பாத்துட்டு வந்துடுச்சுபா" என்றார்.

மறுநாள் அதே முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போனேன். தாமதத்துக்குக் காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். பட்டியலில் அடுத்தவரை முதல் நாளே எடுத்துவிட்டார்கள் என்பதை அங்கே ஒரு குமாஸ்தா தலை நிமிராமல் சொன்னார். காரணம் கேட்கவில்லை.

அது உள்ளுக்குள் எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். காலையில் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்து, "பொட்டி?" என்று கேட்டாள். நான் பெட்டியை எடுத்துக்கொள்ளாமல்தான் கிளம்பியிருந்தேன்.